ஏழாம் மாசம், ஹெச்பி 8.1: டிரிப்ஸ் போடலாமா, சாப்பாட்டுலயே ஏத்திடலாமா?

தம்பி கேட்டிருக்கிறது இதுதான்: தங்கச்சிக்கு தலைப்பிரசவம், 29 வாரம் நடக்குது, மாசமாகுறதுக்கு முன்னாடி எடை 50 கிலோ, போன வாரம் எடுத்த டெஸ்ட்ல ஹெச்பி, அதாவது ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபின் அளவு, 8.1. ஜி.ஹெச்ல அயர்ன் டிரிப்ஸ், அதாவது இரும்புச்சத்தை நரம்பு வழியா ஏத்துறது, போடணும்னு சொல்லிட்டாங்க. மாமியார் வீட்ல, ஊசி மருந்தெல்லாம் வயித்துப் புள்ளைக்கு ஆகாது, ஈரலும் பேரீச்சம்பழமும் குடுத்தா தானா ஏறிடும், எதுவா இருந்தாலும் ஒன்பதாம் மாசம் சீமந்தம் முடிச்சு அம்மா வீட்டுக்குப் போனப்புறம் பாத்துக்கலாம்ங்கிறாங்க. அண்ணனா நான் என்ன சொல்றதுன்னு கேட்டிருக்கீங்க.

நான் பிரசவ வார்டுல ஸ்டாஃப் நர்ஸ். பதிலை முதல்லயே சொல்லிடுறேன், டிரிப்ஸ் போட்டுக்கட்டும், இந்த வாரமே ஆரம்பிக்கட்டும், சீமந்தம் வரைக்கும் தள்ளவே கூடாது. ஏன்னு விவரமா சொல்றேன், நீங்க அவங்க வீட்ல உக்காந்து பேசும்போது உதவும்.

எல்லாரும் ஹெச்பி எவ்வளவுன்னு மட்டும்தான் கேக்குறாங்க. எத்தனையாவது வாரத்துல அந்த ஹெச்பி இருக்குங்கிறதையும் சேத்துப் பாக்கணும். அதே 8.1 ஒருத்திக்கு 14 வாரத்துல இருந்தா நான் பயப்பட மாட்டேன், மாத்திரையை ஒழுங்கா போடு, ஒரு மாசம் கழிச்சு பாக்கலாம்னு சொல்லி அனுப்பிடலாம், அவளுக்கு டைம் இருக்கு. 29 வாரத்துல 8.1னா கையில இருக்கிறது சுமார் 10, 11 வாரம், கொஞ்சம் முன்னாடியே வலி வந்துட்டா அதுவும் இல்ல.

கர்ப்பிணிக்கு ஹெச்பி 11க்கு கீழ இருந்தாலே ரத்தசோகைன்னுதான் கணக்கு. 10ல இருந்து 10.9 வரை லேசானது, 7ல இருந்து 9.9 வரை நடுத்தரம், 7க்கு கீழ போனா கடுமையானது. தங்கச்சி நடுத்தரத்துல இருக்கா. அவ மட்டும் இல்ல, 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல சர்வேல இந்தியாவுல கர்ப்பிணிகள்ல 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்துச்சு, அதாவது பாதிப் பேருக்கு மேல. இவ்வளவு பேருக்கு இருக்கிறதாலயே வீட்ல யாரும் இதை ஒரு நோயா நினைக்கிறதில்ல, "எனக்கும்தான் ரத்தம் கம்மியா இருந்துச்சு, நான் பெத்துக்கலையா"ன்னு பெரியவங்க சொல்றது அதனாலதான். அவங்க சொல்றது பொய் இல்ல. ஆனா அப்படி பெத்துக்க முடியாம போனவங்களப் பத்தி பேச இன்னிக்கு அவங்க இல்லையே.

மாசமா இருக்கும்போது உடம்புல ரத்தத்தோட மொத்த அளவு 40, 50 சதவீதம் கூடும், ஆனா அதுல தண்ணிப் பகுதி கூடுற அளவுக்கு சிவப்பணு கூடாது, அதனால எல்லாருக்குமே ஹெச்பி கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். இதுக்கு மேல குழந்தை, நஞ்சுக்கொடி, கூடுதலா உருவாகுற ரத்தம், பிரசவத்துல போற ரத்தம்னு எல்லாத்துக்கும் சேத்து ஒரு கர்ப்பத்துக்கு கிட்டத்தட்ட 1000 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவைப்படும். நம்ம ஊர்ல நிறைய பொண்ணுங்க கல்யாணத்துக்கு முன்னாடியே கையிருப்பு இல்லாமத்தான் இருக்காங்க, மாசாமாசம் பீரியட்ஸ்ல நிறைய போயிருக்கும், அதை வெளிய சொல்லியிருக்க மாட்டாங்க, காலையில சாப்பிடாம காலேஜுக்கோ மில்லுக்கோ ஓடியிருப்பாங்க, அப்புறம் மூணு வேளையும் டீ. தங்கச்சிகிட்ட தனியா கேட்டுப் பாருங்க, இல்ல உங்க அம்மாவ கேக்கச் சொல்லுங்க, சாம்பல், செம்மண், பல்பம், பச்சரிசி, ஐஸ் கட்டி, திருநீறு இதுல ஏதாவது திங்கணும்னு ஆசை வருதான்னு. மசக்கைன்னு சொல்லி விட்டுடுவாங்க, ஆனா பல பேருக்கு அது இரும்புச்சத்து குறைஞ்சதோட அறிகுறி, ஹெச்பி ஏறுனதும் அந்த ஆசை தானா போயிடும். திட்டுனா மறைச்சுத் திம்பாங்க, அதனால திட்ட வேண்டாம்.

இப்ப ஏன் நாங்க இவ்வளவு பதறுறோம்ங்கிறதை சொல்றேன். பிரசவ நேரத்துல கர்ப்பப்பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல ரத்தம் ஓடிக்கிட்டு இருக்கும். குழந்தையும் நஞ்சும் வெளிய வந்ததும் கர்ப்பப்பை நல்லா சுருங்கி இறுகணும், அது இறுகினாத்தான் அந்த ரத்தக்குழாய் வாயெல்லாம் மூடும். சாதாரண பிரசவத்துலயே அரை லிட்டர் வரைக்கும் ரத்தம் போறது உண்டு, சிசேரியன்னா இன்னும் கூட. ஹெச்பி 11, 12 இருக்கிற பொண்ணு அதைத் தாங்கிடுவா, எந்திரிச்சு உக்காந்து காபி கேப்பா. 8 இருக்கிற பொண்ணுக்கு அதே அளவு போனா பிபி இறங்கி, கை கால் சில்லிட்டு, நாங்க ரத்தப் பாட்டிலுக்கு ஓட வேண்டியிருக்கும். ரத்தசோகை இருந்தா கர்ப்பப்பை சரியா சுருங்காம போற வாய்ப்பும் அதிகம், அதாவது யாரால ரத்தப்போக்கை தாங்க முடியாதோ அவளுக்கே ரத்தப்போக்கு கூடுதலா வருது. இதைக் கண்ணால பாத்தவ நான், அதனாலதான் இவ்வளவு அழுத்தி சொல்றேன். குழந்தைக்கும் இதுல பாதிப்பு உண்டு, குறைமாசத்துல பொறக்கிறது, எடை கம்மியா பொறக்கிறது, பொறக்கும்போதே இரும்புச்சத்து கையிருப்பு இல்லாம பொறக்கிறது.

அடுத்து சாப்பாடு. மாமியார் அக்கறையிலதான் சொல்றாங்க, அதை மொதல்ல ஒத்துக்கிட்டு பேசுங்க. ஆனா கணக்கு என்னன்னா, 100 கிராம் பேரீச்சம்பழத்துல இரும்பு சுமார் 1 மில்லிகிராம்தான். பீட்ரூட்ல அதைவிட கொஞ்சம் கம்மி. மாதுளையில அதுவும் இல்ல. சிவப்பா இருக்கிறதால ரத்தம் ஊறும்னு நம்புறோம், நிறத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது. முருங்கைக்கீரை, கேழ்வரகு ரெண்டுலயும் 100 கிராமுக்கு 4 மில்லிகிராமுக்கு மேல இருக்கு, இதுங்க எவ்வளவோ தேவல, ஆனா கீரை தானியத்துல இருக்கிற இரும்பை உடம்பு முழுசா எடுத்துக்காது, கொஞ்சம்தான் சேரும். அசைவத்துல இருக்கிறது நல்லா சேரும், சுவரொட்டி, ஆட்டுக்கறி, மீன், ரத்தப் பொரியல் எல்லாம் தாராளமா குடுக்கலாம். ஈரல்ல மட்டும் ஒரு எச்சரிக்கை, அதுல வைட்டமின் ஏ ரொம்ப அதிகம், கர்ப்பத்துல தினமும் ஈரல் சாப்பிடுறது நல்லதில்ல, முக்கியமா முதல் மூணு மாசத்துல. சுவரொட்டி ஈரல் இல்ல, அது மண்ணீரல், அதை வாரத்துல ஒண்ணு ரெண்டு நாள் குடுங்க, நல்லா வேகவச்சு.

சாப்பாட்டுல ஏத்த முடியாதான்னா, ரத்தசோகை வராம காக்கிறதுக்கு சாப்பாடு, வந்துட்டா மருந்து. தங்கச்சிக்கு எவ்வளவு இரும்பு வேணும்னு கணக்குப் போட்டுப் பாத்தா உங்களுக்கே புரியும். டாக்டர்கள் போடுற கணக்கு இது, எடையை, ஏத்த வேண்டிய ஹெச்பியால பெருக்கி, அதை 2.4ஆல பெருக்கி, கையிருப்புக்கு 500 சேக்கணும். 50 கிலோ, 8ல இருந்து 11க்கு ஏத்தணும்னா 3 பாயிண்ட், 50 பெருக்கல் 3 பெருக்கல் 2.4 வந்து 360, அதோட 500, மொத்தம் 860 மில்லிகிராம். அரசு குடுக்கிற சிவப்பு கலர் மாத்திரையில 60 மில்லிகிராம் இரும்பு இருக்கு, அதுல உடம்புல போய் சேர்றது தோராயமா 10ல ஒரு பங்கு, குறைபாடு இருக்கிறவங்களுக்கு அதைவிட கொஞ்சம் கூட சேரும். நாளைக்கு ரெண்டு மாத்திரை போட்டா 12 மில்லிகிராம்னு வச்சுக்குங்க, 860 சேர கிட்டத்தட்ட 70 நாள் ஆகும். ஒரு நாள் விடாம, வாந்தி எடுக்காம, டீ குடிக்காம இருந்தா. 29 வாரத்துல இருந்து 70 நாள்னா 39 வாரம், வலி வர்ற நேரம். அதனாலதான் ஜி.ஹெச்ல மாத்திரைன்னு சொல்லாம டிரிப்ஸ்னு சொல்லியிருக்காங்க, அவங்க சொன்னது சரி.

இனி டிரிப்ஸ் பயத்துக்கு வரேன். பழைய காலத்துல இரும்பு ஊசியை இடுப்புல போடுவாங்க, பயங்கரமா வலிக்கும், போட்ட இடம் கறுத்துப் போயிடும், சிலருக்கு காய்ச்சல் மூட்டுவலி வரும், சில சமயம் அலர்ஜி பெருசா வந்துடும். பெரியவங்க மனசுல இருக்கிற பயம் அந்த ஊசியோடது. இப்ப போடுறது அது இல்ல. அயர்ன் சுக்ரோஸ்னு ஒண்ணு, 200 மில்லிகிராமை 100 மில்லி சலைன்ல கலந்து கை நரம்புல ஏத்துவாங்க, அரை மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடும், ஒருநாள் விட்டு ஒருநாள் வரச் சொல்லுவாங்க, 860க்கு நாலு இல்ல அஞ்சு தடவை. ஆரம்ப சுகாதார நிலையத்துலயே இது கிடைக்கும், அதனால ஒவ்வொரு தடவையும் ஜி.ஹெச்சுக்கு பஸ் ஏறணும்னு இல்ல, கிராம நர்ஸ் அக்காகிட்ட கேட்டுப் பாருங்க. இன்னொண்ணு எஃப்.சி.எம்னு சொல்லுவாங்க, ஃபெர்ரிக் கார்பாக்ஸிமால்டோஸ், அதுல ஒரே தடவையில 1000 மில்லிகிராம் வரைக்கும் போடலாம், அடிக்கடி வர முடியாதவங்களுக்கு இது சௌகரியம். எதைப் போடணும்னு டாக்டர் முடிவு பண்ணட்டும்.

மருந்து டிகாஷன் கலர்ல இருக்கும், பாத்து பயந்துடாதீங்க. போடும்போது வாயில இரும்பு ருசி மாதிரி தெரியலாம், லேசா தலைவலி, குமட்டல் வரலாம். பெரிய அலர்ஜி அபூர்வம், ஆனா வந்தா உடனே பாக்கணும், அதனாலதான் போட்டு முடிச்சு அரை மணி நேரம் உக்கார வைக்கிறோம், அந்த அரை மணி நேரத்துல பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கிளம்பக் கூடாது. வீட்டுக்கு ஆளக் கூப்பிட்டு இதைப் போட்டுக்கவே கூடாது. ஊசி குத்துன இடத்துல எரிச்சலோ வீக்கமோ இருந்தா உடனே சொல்லணும், மருந்து நரம்பை விட்டு வெளிய கசிஞ்சா தோல்ல பழுப்பு கறை படிஞ்சிடும், அது போக ரொம்ப நாள் ஆகும். குழந்தைக்கு ஆகாதுங்கிற பயத்துல ஒரு உண்மை இருக்கு, முதல் மூணு மாசத்துல இந்த டிரிப்ஸ் போட மாட்டோம். அதுக்கப்புறம் போடலாம், தங்கச்சி அந்தக் கட்டத்தைத் தாண்டி ரொம்ப நாளாச்சு.

ஏன் இப்பவே போடணும்னா, டிரிப்ஸ் போட்ட மறுநாளே ஹெச்பி ஏறாது. இரும்பு உள்ள போச்சுன்னா அதை வச்சு எலும்பு மஜ்ஜை புதுசா சிவப்பணு செய்யணும், ரெண்டு மூணு வாரம் கழிச்சுத்தான் நம்பர்ல நல்லா தெரியும். இப்ப ஆரம்பிச்சா 34 வாரத்துக்குள்ள நல்ல நிலைமைக்கு வந்துடுவா. சீமந்தம் வரைக்கும் தள்ளினா என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும், நிறைய பாத்திருக்கேன். அங்க பாத்துக்கிட்டு இருந்த ஆஸ்பத்திரியில "அம்மா வீட்டுக்குப் போறா, அங்க பாத்துக்குவாங்க"ன்னு விட்டுடுவாங்க, இங்க வந்ததும் புது டாக்டர் புதுசா டெஸ்ட் எழுதுவாங்க, விசேஷம் முடிஞ்ச அலுப்புல ஒரு வாரம் போகும், ரிசல்ட் வர்றதுக்குள்ள 36, 37 வாரம். அந்த நேரத்துல 7க்கு கீழ இறங்கியிருந்தா டிரிப்ஸுக்கும் டைம் இருக்காது, அட்மிஷன் போட்டு ரத்தம்தான் ஏத்தணும். அடுத்தவங்க ரத்தம் ஏத்த வேண்டிய நிலைமையைத் தவிர்க்கத்தான் இந்த டிரிப்ஸே. இப்படிச் சொல்லிப் பாருங்க, மாமியாருக்குப் புரியும். முடிஞ்சா அடுத்த தடவை செக்கப்புக்கு அவங்களையே கூட்டிட்டுப் போங்க, டாக்டர் முன்னாடி அவங்க சந்தேகத்தை அவங்களே கேக்கட்டும். அவங்களை ஒதுக்கிட்டு நீங்களும் தங்கச்சியும் முடிவெடுத்தா பிரசவத்துக்கப்புறம் அந்த மனஸ்தாபம் தங்கச்சி தலையிலதான் விழும்.

டிரிப்ஸ் நடக்கும்போது இரும்பு மாத்திரையை நிறுத்தி வைக்கச் சொல்லுவாங்க, ஃபோலிக் ஆசிட் தொடரும். டிரிப்ஸ் முடிஞ்சப்புறம் மறுபடி மாத்திரை ஆரம்பிக்கச் சொல்லும்போது அதை எப்படிப் போடுறதுன்னு சொல்லிடுறேன், ஏன்னா மூணு மாசமா மாத்திரை போட்டேன் ஏறவே இல்லன்னு வர்றவங்கள்ல பாதிப் பேர் போடுற விதம்தான் தப்பு. இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒண்ணா வாயில போட்டு முழுங்குறாங்க, கால்சியம் இரும்பைச் சேர விடாது, நடுவுல ரெண்டு மணி நேரமாவது இடைவெளி வேணும். கால்சியம் காலையிலயும் மதியமும் சாப்பாட்டோட, இரும்பு ராத்திரி படுக்கும்போது, இது சுலபமா ஞாபகம் இருக்கும். பால்ல, மோர்ல இரும்பு மாத்திரை போடக் கூடாது. டீ, காபி முன்னாடியும் பின்னாடியும் ஒரு மணி நேரம் வேண்டாம். எலுமிச்சை ஜூஸ், நெல்லிக்காய், கொய்யா கூட போட்டா நல்லா சேரும். வெறும் வயித்துல போட்டா இன்னும் நல்லா சேரும், ஆனா குமட்டுனா சாப்பிட்டே போடட்டும், போடாம விடுறதுக்கு அது எவ்வளவோ மேல். மலம் கறுப்பா போகும், அது சாதாரணம். மலச்சிக்கலுக்கு தண்ணி நிறைய, வாழைத்தண்டு, கீரை, ராத்திரி ஊறவச்ச உலர் திராட்சை, அப்படியும் முடியலன்னா டாக்டர்கிட்ட சொன்னா வேற மாத்திரை மாத்திக் குடுப்பாங்க. இரும்பு மாத்திரை போட்டா குழந்தை கறுப்பா பொறக்கும்னு யாராவது சொன்னா, குழந்தை நிறம் அப்பா அம்மாகிட்ட இருந்து வர்றது, மாத்திரையில இருந்து வர்றது இல்லன்னு சொல்லிடுங்க. குழந்தை பெருசாகி சிசேரியன் ஆயிடும்ங்கிறதும் அப்படித்தான்.

ஒரு விஷயம் விட்டுப் போகக் கூடாது. எல்லா ரத்தசோகையும் இரும்புக் குறைவு இல்ல. அந்த டெஸ்ட் பேப்பர்ல எம்.சி.வின்னு ஒரு வரி இருக்கும், சிவப்பணு எவ்வளவு பெருசுன்னு சொல்ற அளவு அது, 80க்கு கீழ இருந்தா பெரும்பாலும் இரும்புக் குறைவு, 100க்கு மேல இருந்தா பி12 இல்ல ஃபோலிக் ஆசிட் குறைவா இருக்கலாம், முழு சைவமா இருக்கிறவங்களுக்கு பி12 குறைவு ரொம்ப சகஜம், அவங்களுக்கு எத்தனை பாட்டில் இரும்பு ஏத்தினாலும் ஹெச்பி நகராது. எம்.சி.வி 65 மாதிரி ரொம்பக் கம்மியா இருந்து ஆர்.பி.சி, அதாவது சிவப்பணு எண்ணிக்கை மட்டும் 5 மில்லியனுக்கு மேல இருந்தா தலசீமியா கேரியரான்னு பாக்கணும், தலசீமியாங்கிறது பரம்பரையா வர்ற ரத்த நோய், தனக்குப் பெருசா தொந்தரவு இல்லாம அதைப் பிள்ளைக்குக் கடத்தக் கூடியவங்கதான் கேரியர், அதுக்கு ஹெச்.பி.எல்.சின்னு ஒரு டெஸ்ட். அவ கேரியர்னு வந்தா மாப்பிள்ளைக்கும் உடனே அந்த டெஸ்ட் எடுக்கணும், ரெண்டு பேரும் கேரியரா இருந்தா குழந்தைக்கு கடுமையான தலசீமியா வர 4ல 1 வாய்ப்பு. நீலகிரி பக்கத்து பழங்குடி குடும்பங்கள்ல அரிவாள் செல் ரத்தசோகையும் இருக்கு, அதுக்கும் இதே டெஸ்ட்தான். டிரிப்ஸ் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எம்.சி.வி, ஆர்.பி.சி இந்த ரெண்டு நம்பரையும் டாக்டர்கிட்ட காட்டி, இரும்புக் குறைவுதானான்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க. பூச்சி மாத்திரை, அல்பெண்டசோல் 400, நாலாம் மாசத்துக்கு அப்புறம் ஒண்ணு குடுத்திருப்பாங்க, குடுக்கலன்னா அதையும் கேளுங்க.

பிரசவத்தை எங்க பாக்குறதுன்னு முடிவு பண்ணும்போது ரத்த வங்கி வசதி இருக்கிற இடமா பாருங்க. மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி, மெடிக்கல் காலேஜ் இதுலயெல்லாம் சீமாங்க் சென்டர், அதாவது பிரசவ அவசரத்தை 24 மணி நேரமும் பாக்குற பிரிவு இருக்கு, ஹெச்பி 11க்கு வந்துட்டாலும் நான் அங்கதான் போகச் சொல்லுவேன். படுத்திருக்கும்போதே மூச்சு வாங்குது, நெஞ்சு படபடக்குது, மயக்கமா வருது, முகம் கால் திடீர்னு வீங்குதுன்னா அடுத்த செக்கப்புக்கு காத்திருக்காம 108ஐ கூப்பிடுங்க. தாய் சேய் அட்டை, பிக்மி நம்பர் (கர்ப்பத்தைப் பதிவு பண்ணும்போது அரசு குடுக்கிற நம்பர்), டிரிப்ஸ் போட்ட தேதியும் அளவும் எழுதின சீட்டு இதெல்லாம் ஒரே கவர்ல போட்டு அவ கூடவே வரணும், அம்மா வீட்டுக்கு வரும்போது பட்டுப் புடவையை எடுத்து வைக்கிறதுக்கு முன்னாடி அந்தக் கவரை எடுத்து வைக்கச் சொல்லுங்க. தமிழ்நாடு அரசோட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல மொத்தம் 18,000 ரூபாய் உதவி இருக்கு, அதுல 4,000 ரூபாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம், பதிவு பண்ணலன்னா பண்ணிடுங்க. அந்தப் பெட்டகத்துல வர்ற சத்துமாவும் பேரீச்சம்பழமும் அவ சாப்பிடுறதுக்கு, வீட்டுக்கே பங்கு போடுறதுக்கு இல்ல.

லேபர் ரூம்ல குழந்தை பொறந்ததும் தொப்புள்கொடியை உடனே வெட்டாம ஒரு நிமிஷத்துல இருந்து மூணு நிமிஷம் பொறுத்து வெட்டுறது நல்லது, அந்த நேரத்துல நஞ்சுல இருக்கிற ரத்தம் குழந்தைக்குப் போய் சேரும், தாய்க்கு ரத்தசோகை இருக்கும்போது குழந்தைக்கு இது பெரிய உதவி. குழந்தை உடனே அழலன்னாலோ வேற அவசரம்னாலோ அது முடியாது, அதை அங்க இருக்கிறவங்க பாத்துக்குவாங்க.

பிரசவத்துக்கப்புறமும் மாத்திரை 180 நாள் போடணும், தாய்ப்பால் குடுக்கிறதுக்கு அது தடையே இல்ல. பச்சை உடம்புன்னு சொல்லி கீரை வேண்டாம், பழம் வேண்டாம், தண்ணி கம்மியா குடின்னு ஒரு மாசம் பத்தியம் வைப்பாங்க, ரத்தம் போயிருக்கிற உடம்புக்கு அதைவிட கெடுதல் இல்ல, உங்க அம்மாகிட்ட இப்பவே சொல்லி வைங்க. டிரிப்ஸ் முடிஞ்சு நாலு வாரத்துல திரும்ப ஹெச்பி பாக்கச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி, கையில இருக்கிற ரிப்போர்ட்ல எம்.சி.வி, ஆர்.பி.சி ரெண்டும் எவ்வளவுன்னு பாத்து எழுதுங்க தம்பி, அதைப் பாத்துட்டு டாக்டர்கிட்ட என்னென்ன கேக்கணும்னு சொல்றேன்.